ஆல்டன்ப்ரோக் மாவட்டத்தின் ஐம்பதாவது ஆள்

கணேசலிங்கம் எழுதிய மனிதர்களில் கெட்டவர் என்று ஒருவரும் கிடையாது. அத்தனை பேரும் இன்முகம் மாறாதவர்கள், வந்தாரை வயிறார உபசரித்தவர்கள், பிள்ளைகளைக் கண்ணின் மணியாக வளர்த்தவர்கள். மனைவியோடு பன்னிரண்டு வருடம் முகம் கொடுத்துப் பேசாதவர்கூட அவருடைய எழுத்தில் 'மிதபாஷி' ஆகிவிடுவார். சண்டைக்காரர் 'நேர்மைக்காகக் குரல் கொடுத்தவர்' ஆவார். பகலில் அவர் ஜெர்மனியின் ஹம் நகரத்தில் ஒரு தளபாடக் களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். ஆனால் பீலெஃபெல்ட் தொடங்கி எசன் வரைக்கும் யாழ்ப்பாணத்து ஆட்கள் வீட்டில் ஒரு சாவு விழுந்தால், ஐயரைத் தேடுகிற கையோடு அவரையும் தேடுவார்கள். முப்பத்தோராம் நாள் வீட்டுக்கிருத்தியத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு சின்னப் புத்தகம் அச்சடிக்க வேண்டும் அல்லவா? அட்டையில் படம், உள்ளே தேவாரம், நடுவில் இறந்தவரின் வாழ்க்கை வரலாறு, கடைசியில் நன்றி. கல்வெட்டு என்று அதற்குப் பெயர். அந்த வாழ்க்கை வரலாற்றைத்தான் கணேசலிங்கம் எழுதுவார். இதுவரை நாற்பத்தொன்று எழுதியிருக்கிறார்.

வாசிக்கிறவர்களுக்கும் இந்தச் சங்கதி தெரியும். கல்வெட்டை யாரும் சாட்சிக் கூண்டில் ஏற்றுவதில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு ஒருமுறை புரட்டிப் பார்த்து, 'படம் நல்லா வந்திருக்கு' என்று சொல்லிவிட்டுப் பைக்குள் வைத்துக்கொள்வார்கள்.

இப்படி இருந்த மனிதருக்கு இந்த வருடம் மார்ச் மாதத்தில் ஆல்டன்ப்ரோக் மாவட்ட ஆவணக் காப்பகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆல்டன்ப்ரோக் ஹம்மிலிருந்து ரயிலில் நாற்பது நிமிடத் தூரத்தில் இருக்கிற நாட்டுப்புறம். சோளக்காடு, பன்றிப் பண்ணைகள், வெள்ளரிக்காயைப் போத்தலில் அடைக்கிற ஒரு தொழிற்சாலை. இரண்டு சின்ன மாவட்டங்களை ஒட்டவைத்து 1975இல் உண்டாக்கினார்கள். ஐம்பது வருடம் நிறைகிறது என்று, மாவட்டத்தின் பெயர் சொல்லக்கூடிய ஐம்பது பேரைப் பற்றி ஒரு புத்தகம் போடுகிறார்களாம். உருளைக்கிழங்கில் புது இனம் உண்டாக்கிய ஒரு பாதிரியார், பனிக்குள்ளும் சைக்கிள் மிதித்துப் போய் நாலாயிரம் பிள்ளை பெறுவித்த மருத்துவிச்சி, யுத்தத்தின் கடைசி நாளில் தேவாலயக் கோபுரத்தில் வெள்ளைக் கட்டில் விரிப்பைச் சரணாகதிக் கொடியாகக் கட்டி ஊரைக் காப்பாற்றிய ஒரு குடிகாரத் தச்சன் என்று நாற்பத்தொன்பது பேர் தேறிவிட்டார்கள். ஐம்பதாவதாக அவர்கள் தேர்ந்தெடுத்தவர், வெஸ்டர்லோ கிராமத்தில் வாழ்ந்து 2009இல் காலமான பரராசசிங்கம்.

இரண்டு விதிகள் இருந்தன. உயிரோடு இருக்கிறவர் புத்தகத்தில் வரக்கூடாது. ஒவ்வொரு தகவலுக்கும் குறைந்தது இரண்டு ஆதாரம் வேண்டும். பரராசசிங்கத்தைப் பற்றி ஒரு பத்திரிகைச் செய்தி அகப்பட்டிருக்கிறது, ஒரு பொலிஸ் அறிக்கை அகப்பட்டிருக்கிறது, மூன்றாவதாகக் குடும்பத்தார் கொடுத்த ஒரு தமிழ்ப் புத்தகம். அதை மொழிபெயர்ப்பித்து வாசித்தோம், எழுதியவர் தாங்கள் என்று அறிகிறோம், நேரில் வந்து உறுதிப்படுத்திக் கையெழுத்திட முடியுமா என்று திருமதி ரோலிங் என்ற காப்பாளர் கேட்டிருந்தார்.

கணேசலிங்கம் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். கல்வெட்டை வெள்ளைக்காரர் ஆதாரமாக எடுப்பார்கள் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

என்ன விஷயம் என்றால், 1993 பெப்ரவரியில் வெஸ்டர்லோவில் பழைய பள்ளிக்கூடம் ஒன்றை அகதி முகாமாக்கி வைத்திருந்தார்கள். ஒருநாள் பின்னேரம் கீழ்ச் சமையலறையில் எண்ணெய் பற்றிக் கட்டிடம் எரிந்தது. மேலே அகப்பட்டுக்கொண்ட இரண்டு லெபனான் பிள்ளைகளை ஒரு தமிழர் புகைக்குள் ஏறித் தூக்கிவந்தார். பத்திரிகையில் பரராசசிங்கத்தின் படம் வந்தது. கல்வெட்டிலும் அவர்தான் தூக்கினார் என்று இருக்கிறது. ஆனால் தூக்கியது பரராசசிங்கம் அல்ல, கணேசலிங்கம்.

அந்தக் காலத்துச் சட்டம் அப்படி. அகதி அன்ட்ராக், அதாவது தஞ்ச விண்ணப்பம், போட்டவர் தனக்கு ஒதுக்கிய மாவட்டத்தை விட்டு அனுமதித் துண்டு இல்லாமல் வெளியே கால் வைக்கக் கூடாது. கணேசலிங்கத்துக்கு ஒதுக்கியது பக்கத்து மாவட்டம். வெஸ்டர்லோவில் ஒரு தொலைபேசிக் கூண்டு கொஞ்சம் பழுதாகி, ஒரு மார்க் போட்டால் கொழும்போடு மணிக்கணக்காகப் பேச விட்டது. கொழும்பு லொட்ஜ் ஒன்றில் குமுதினி என்ற பெண் அவருடைய அழைப்புக்குக் காத்திருந்தாள். இரண்டு வீட்டாரும் பேசி முடித்த கலியாணம். அதற்காகத்தான் அவர் களவாக எல்லை தாண்டி வந்து, நண்பன் பரராசசிங்கத்தின் அறையில் நேரம் ஆகும்வரை இருந்தார். முந்தின வருடமே ஒருமுறை பிடிபட்டு எச்சரிக்கை வாங்கியிருந்தார். இரண்டாம் தரம் பிடிபட்டால் கோர்ட், வழக்கு, அகதி விண்ணப்பமும் நாசம்.

பிள்ளைகளைப் புல்லில் இறக்கிவிட்டு இருமிக்கொண்டு நின்றவரைப் பரராசசிங்கம் மதிலோரம் இழுத்துப் போனார். சைரன் கேட்டுக்கொண்டிருந்தது.

“டேய், பொலிஸ் வருது. பின்பக்கத்தாலை ஸ்டேஷனுக்கு ஓடு.”

“கை எரியுது மச்சான்.”

“கையைப் பிறகு பாப்பம். இன்னொருக்காப் பிடிபட்டா உன்ரை கேஸ் முடிஞ்சுது. ஆரெண்டு கேட்டா நான்தான் எண்டு சொல்லுறன். ஓடு!”

கணேசலிங்கம் ஓடினார். வெந்த இடக்கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு ரயிலில் இருந்தார். டொக்டரிடம் போனால் எங்கே, எப்படி என்று கேட்பார்கள் என்று பயந்து, பற்பசை பூசிப் பூசியே ஆற்றினார். அதனால்தான் அந்தக் கையின் தோல் இன்றைக்கும் சுருங்கிப் பளபளப்பாகக் கிடக்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அநியாயம். பத்திரிகைச் செய்தியைப் பார்த்து ஊர் மேயர் உருகிப் போனார். கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதிப் பரராசசிங்கத்துக்கு வதிவிட அனுமதி வாங்கிக் கொடுத்தார். அடுத்த வருடமே மனைவி கமலநாயகி வந்து சேர்ந்தார். வெள்ளரிக்காய்த் தொழிற்சாலையில் இருவருக்கும் வேலை, இரண்டு பிள்ளைகள், பிறகு சொந்த வீடு. கணேசலிங்கமோ 2001 வரைக்கும் டுல்டுங் என்ற துண்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு கிடந்தார். டுல்டுங் என்றால் உன்னைப் போகச் சொல்லியாகிவிட்டது, இப்போதைக்குப் பிடித்து ஏற்றவில்லை என்று அர்த்தம். அதை வைத்துக்கொண்டு பெண்டாட்டியைக் கூப்பிட ஏலாது. குமுதினி நாலு வருடம் காத்திருந்து, தொண்ணூற்றேழில் கனடா மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு போனாள். அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? கணேசலிங்கம் பிறகு கலியாணமே செய்யவில்லை.

அவருக்குக் கோபம் இருந்தது. பரராசசிங்கம் வஞ்சகம் ஒன்றும் செய்யவில்லை, ஆபத்துக்கு உதவியவன் என்று தெரிந்தும் கோபம் இருந்தது. இரண்டு பேரும் அதைப்பற்றிப் பதினாறு வருடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நண்பன் புற்றுநோயில் போனபோது கமலநாயகி வந்து, “நீங்கள்தான் எழுதவேணுமாம் அண்ணை, அவர் சொன்னவர்” என்று கேட்டார். வழக்கமாக வீட்டார் பிறந்த தேதி, படித்த பள்ளிக்கூடம், செய்த நற்காரியம் எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார்கள். கமலநாயகி படத்தை மட்டும் கொடுத்தார். கணேசலிங்கம் ஒரே இருப்பில் எழுதி முடித்தார், எல்லோருக்கும் எழுதுகிற மாதிரியே. தீயையும் எழுதினார். எழுதிக்கொண்டு போன கை தன்பாட்டில் ஒரு வரியைச் சேர்த்துவிட்டது: 'அன்று இடக்கை வெந்த தழும்பை ஆயுள் முழுதும் எவருக்கும் காட்டிப் பெருமை கொள்ளாத அடக்கம் மிக்கவர்.'

ஆகையால் இப்போது அவர் முன்னால் இரண்டு வழிதான் இருந்தது. போய்க் கையெழுத்துப் போட்டால், தான் செய்த ஒரே பெரிய காரியம் இன்னொருவன் பெயரில் அச்சாகி மாவட்டத்துப் பள்ளிக்கூட நூலகம் எல்லாவற்றிலும் நிரந்தரமாக உட்கார்ந்துவிடும். உண்மையைச் சொன்னால் செத்தவன் பொய்யனாவான், கமலநாயகி தலைகுனிய வேண்டும், அவருடைய பேரப்பிள்ளைகளுக்குப் புத்தகத்தில் தாத்தாவின் பக்கம் இல்லாமல் போகும். உயிரோடு இருக்கிறவர் வரக்கூடாது என்ற விதியால் இவருடைய பெயரும் வரப்போவதில்லை. யாருக்கும் பிரயோசனம் இல்லாத உண்மை. கையெழுத்தைப் போட்டுவிட்டு வந்துவிடுவது என்று கணேசலிங்கம் முடிவு செய்தார்.

டெர்மின், அதாவது சந்திப்பு நேரம், செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு. புத்தகத்துக்கு நல்ல படம் ஒன்று கேட்டிருந்தபடியால் கமலநாயகியும் வந்தார். ஸ்டேஷனில் காரோடு நின்று அவரை ஏற்றினார். அறுபத்தொரு வயதிலும் நாட்டுப்புற ஒழுங்கையில் விறுவிறு என்று ஓட்டுகிறவர். வழியில் வெஸ்டர்லோப் பக்கம் திரும்பும் பலகையைக் கண்டதும், ஜெர்மன் கடவுச்சீட்டு வைத்திருக்கிற கணேசலிங்கத்தின் கை தன்னை அறியாமல் அனுமதித் துண்டைத் தேடிச் சட்டைப் பையைத் தடவியது. கமலநாயகி அதைப் பார்த்தாரோ தெரியாது. பேரன் நீந்தப் பழகுவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார்.

திருமதி ரோலிங் ஐம்பது வயது மதிக்கத்தக்க, மெலிந்த, அவசரப்படாத பெண். மேசையில் மூன்று கடதாசிக் கட்டு வைத்திருந்தார். கல்வெட்டின் அட்டையில் பரராசசிங்கம் பட்டு வேட்டியோடு சிரித்துக்கொண்டிருந்தார். கணேசலிங்கம் இடக்கையை மேசைக்குக் கீழே மடியில் வைத்துக்கொண்டார்.

“இந்த வரலாற்றை எழுதியவர் நீங்கள்தானே?” என்று ஜெர்மனில் கேட்டார் திருமதி ரோலிங்.

“ஆம்.”

“இதில் இருப்பது சரியா?”

“ஆம்.”

கையெழுத்துப் போடவேண்டிய தாளை அவர் நகர்த்தினார். கணேசலிங்கம் பேனாவை எடுத்தார். அப்போது திருமதி ரோலிங் விரலைத் தூக்கி, ஒரு சின்னச் சந்தேகம் என்றார்.

“இடக்கை வெந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். பொலிஸ் அறிக்கையில் காப்பாற்றியவருக்குக் காயம் எதுவும் இல்லை என்று தெளிவாக இருக்கிறது. பத்திரிகைப் படத்தில் இரண்டு கையும் தெரிகின்றன, கட்டு ஒன்றும் இல்லை. இந்தத் தகவல் உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தது?”

முப்பத்தொரு நாளில் எழுதி, அச்சடித்து, வடை பாயாசத்தோடு கொடுத்து முடிக்கிற ஒரு புத்தகத்தை யாரும் இப்படி வரிவரியாகத் துருவியதில்லை. கணேசலிங்கம் பேனாவைக் கீழே வைத்தார். “அவர்... சொன்னார்,” என்று இழுத்தார். “பிறகு ஆறியிருக்கும்.”

“அவருக்குக் கையில் தழும்பு இல்லை,” என்றார் கமலநாயகி.

அவருடைய ஜெர்மன் தொழிற்சாலையில் பழகிய ஜெர்மன், சுற்றிவளைக்கத் தெரியாதது. “பதினைந்து வருடம் அந்தக் கையைப் பிடித்திருக்கிறேன். கடைசி மாதம் கழுவியதும் நான்தான். ஒன்றும் இல்லை. தழும்பு இருக்கிற கை மேசைக்குக் கீழே இருக்கிறது. காட்டச் சொல்லுங்கள்.”

திருமதி ரோலிங் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். காப்பகத்தில் வேலை செய்கிறவர்களுக்கு எப்போது எழும்பிப் போகவேண்டும் என்று தெரியும் போலும். கோப்பி எடுத்து வருகிறேன் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

“என்ன வேலை செய்தனீங்கள் தங்கச்சி?” என்றார் கணேசலிங்கம்.

“நான் வந்த முதல் கிழமையே அவர் சொல்லிப்போட்டார். உன்னைக் கூப்பிட்டது நானில்லை, கணேசன்ரை கை எண்டு. நான் சோறு போட்டுக்கொண்டு நிண்டனான். கரண்டியை வைச்சிட்டு அப்பிடியே இருந்திட்டன்.”

“அப்ப ஏன் இவ்வளவு காலமும்...”

“நீங்கள் கதைக்கேல்லையே அண்ணை. நீங்கள் கதைக்காத ஒண்டை நாங்கள் எப்பிடிக் கதைக்கிறது? சாகேக்க சொன்னவர், கல்வெட்டை அவனிட்டைக் குடு, ஒரு குறிப்பும் குடாதை, அவன் தன்ரை கதையை எழுதட்டும் எண்டு. நீங்கள் அவரைப் புகழ்ந்து எழுதிக்கொண்டு வந்து தந்தியள். அதை வாசிச்சிட்டு நான் அழுதது அவருக்காக எண்டு எல்லாரும் நினைச்சினம். இல்லை. இந்த மனுசன் எங்களை மன்னிக்கேல்லை எண்டுதான் அழுதனான்.”

கணேசலிங்கம் இல்லை என்று சொல்ல நினைத்தார். “எனக்குக் கோவம்தான்,” என்றார் கடைசியில். “அவனிலை ஒரு பிழையும் இல்லை. ஆனால் கோவம்.”

“தெரியும். குமுதினியின்ரை கலியாணக் கதை வந்த அண்டைக்கு என்ரை மனுசன் வேலைக்குப் போகேல்லை. அதைத் தெரிஞ்சுகொண்டுதான் நான் அந்த வீட்டிலை பிள்ளை வளத்தனான்.”

குமுதினி என்ற பெயரை இன்னொருவர் வாயால் கேட்டு இருபத்தெட்டு வருடம் ஆகியிருந்தது. தன் இழப்பு தனக்கு மட்டும்தான் தெரியும் என்று இத்தனை காலமும் நினைத்திருந்தார். பக்கத்து மாவட்டத்தில் ஒரு வீடு முழுக்க அதை அறிந்து வாழ்ந்திருக்கிறது.

“சரி, விடுங்கோ,” என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “கல்வெட்டிலை அப்பிடியே கிடக்குது. இதிலையும் கிடக்கட்டும். பேரப்பிள்ளையளுக்கு ஒரு பெருமை.”

“கல்வெட்டை ஆர் நம்புறது அண்ணை? எங்கட ஆக்கள் வாசிக்கேக்கையே பாதியைக் கழிச்சுப்போட்டுத்தான் வாசிக்கிறவை. இவையள் அப்பிடியில்லை. இவையள் நம்பப் போகினம்.” கமலநாயகி கல்வெட்டை எடுத்து அட்டைப் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் தன் கைப்பைக்குள் வைத்தார். “என்ரை மனுசன் ஒரு பொலிஸ்காரனுக்கு ஒருநாள் பொய் சொன்னவர், உங்களுக்காக. அது போதும். ஊர் முழுக்கச் சொல்ல அவருக்கு விருப்பமில்லை.”

திருமதி ரோலிங் மூன்று கோப்பையோடு திரும்பி வந்தார். மேசையில் இப்போது கணேசலிங்கத்தின் இரண்டு கையும் கிடந்தன. இடக்கையை அவர் பார்த்தார். கையெழுத்துத் தாளை எடுத்து இரண்டாக மடித்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

“புத்தகத்தில் உங்களைப் போட முடியாது. நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள்.”

“அதில் எனக்கு மனவருத்தம் இல்லை,” என்றார் கணேசலிங்கம்.

திருமதி ரோலிங் முதல்முறையாகச் சிரித்தார். பரராசசிங்கத்தின் பக்கத்தை என்ன செய்வது என்று குழு கூடித்தான் முடிவு செய்யவேண்டும் என்றார். ஐம்பதாவது இடம் வெறுமையாகப் போகலாம், அல்லது தீயணைப்புப் படையின் பழைய தலைவர் ஒருவர் வரிசையில் நிற்கிறார், அவருக்குப் போகலாம். ஆனால் நேரில் கண்டவரின் வாக்குமூலம் என்று ஒன்று இருக்கிறது, அதைக் காப்பகம் என்றைக்கும் வைத்திருக்கும், விருப்பம் என்றால் இப்போதே எழுதலாம் என்றார். கணேசலிங்கம் கமலநாயகியைப் பார்த்தார். அவர் கோப்பியில் சீனி போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார்.

திருமதி ரோலிங் புதுத் தாள் ஒன்றை எடுத்தார். பெயர் கேட்டார், கணேசலிங்கம் சொன்னார். பிறந்த தேதி கேட்டார், சொன்னார்.

“1993 பெப்ரவரியில் எந்த மாவட்டத்தில் பதிவாகி இருந்தீர்கள்?”

பக்கத்து மாவட்டத்தின் பெயரைச் சொன்னார்.

“ஆல்டன்ப்ரோக்குக்குள் வர அன்றைக்கு உங்களிடம் அனுமதி இருந்ததா?”

கணேசலிங்கம் கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அங்கே ஒருவரும் இல்லை, ஒரு குடை மட்டும் தொங்கியது.

“இல்லை,” என்றார்.

திருமதி ரோலிங் அதை எழுதினார். தலையை நிமிர்த்தவில்லை. எழுதி முடித்து அடுத்த கேள்விக்குப் போனார்.

“பிள்ளைகள் எந்த மாடியில் இருந்தார்கள்?”

முப்பத்திரண்டு வருடத்தில் இதை யாரும் அவரிடம் கேட்டதில்லை. கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்து வைத்ததும் இல்லை.

“இரண்டாம் மாடி,” என்றார். “பெண்பிள்ளை கட்டிலுக்குக் கீழே போய் ஒளித்திருந்தாள். தம்பிக்காரன் என்னைக் கண்டு பயந்துவிட்டான். தூக்கவிடாமல்... தூக்கவிடாமல் தோளில் கடித்தான்.”

கணேசலிங்கம் அந்தத் தோளைத் தடவினார். திருமதி ரோலிங் பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தார். கமலநாயகி கோப்பிக் கோப்பையைக் கணேசலிங்கத்தின் பக்கமாக நகர்த்தினார்.

“சொல்லுங்கோ அண்ணை,” என்றார் தமிழில். “பிறகு?”

கணேசலிங்கம் சொன்னார்.